நிகர எடை

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் எனக்குப் பகல் வேலை.
பாரம், காலி, நிகரம்.
மூன்று வரி அச்சாகி வரும். கிழித்துத் தருவேன்.

என்னைக் கடந்து போவதில் பாதி
குடிக்கிற சாமான்.
ஔசேப்பண்ணனின் பால் டேங்கர்,
இளநீர், கலர் சோடா,
தொப்பி போட்ட இருபது லிட்டர் கேன்கள்.
ஒரு பகலில் ஆயிரமாயிரம் லிட்டர்
இந்த விரல் தட்டித்தான் மலையாளம் போகிறது.
காலையில் நான் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்
சாயங்காலம் முக்கால்வாசி மிச்சத்தோடு
என்கூடவே பஸ் ஏறும்.

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஷைனி கேட்டார்:
"திவசம் எத்ற வெள்ளம் குடிக்கும்?"
எங்கள் பக்கம் வெள்ளம் என்றால்
ஆழியாற்றில் வருவது.
"பார்த்தே நாலு வருஷம் ஆச்சுங்க" என்றேன்.
சிரித்தார்.
சோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார்.
அது சிரிக்கவில்லை.

நான் கணக்குக்காரி. பேரம் பேசிப் பார்த்தேன்.
டீ?
சேரும்.
உடம்பைக் காயவைக்கும் என்பார்களே?
எடுப்பதைவிடத் தருவது அதிகம், சேரும்.
மோர்? கஞ்சித்தண்ணி?
சேரும், சேரும்.
தட்டோடு தூக்கிக் குடித்தால் ரசமும்,
கடித்துத் தின்றாலும் தர்பூசணியும்.
கலர் சோடா சேரும்,
கூடவே சர்க்கரையும் வந்து உட்காரும்.
கள்ளு? வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
பேனாவை மூடிவிட்டார்.

உள்ளே போவதெல்லாம் சரிங்க டாக்டர்,
என்று ஆரம்பித்து
முடிக்காமல் எழுந்துவிட்டேன்.
மேடைக்கு அறை உண்டு, மின்விசிறி உண்டு,
நாலு மூலைக்கும் கேமரா உண்டு.
தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு கிடையாது.
"பின்னால அத்தனை பெரிய தோப்பு இருக்குதே"
என்பார் முதலாளி கிட்டுசாமி.
இருக்கிறது.
மரத்துக்கு மரம் மேலே ஆளும் இருக்கிறது.

அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது.
சீட்டில் மாத்திரைக்குக் கீழே
மலையாளத்தில் ஒரு வரி.
மருந்துக்கடைப் பையன்
கடையே கேட்கும்படி வாசித்தான்:
"மூத்திரம் பிடிச்சு வைக்கருது."
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு
அறையைப் பூட்டிவிட்டு நடந்தேன்.
மேடையில் ஒரு டாரஸ், பின்னால் ஏழு லாரி,
எல்லாம் ஹாரன்.
எல்லை தாண்டியதும் ரெஜினா சேச்சியின் கடை.
சாவி ஆணியில் தொங்குகிறது,
திருடு போகாமலிருக்க
ஒரு முழ நீளக் கட்டையோடு.
டீ குடிப்பவர்களுக்கு மட்டும்.

கேட்காமலே முதலில் வந்தது
பதிமுகம் கொதித்த வெந்நீர், இளஞ்சிவப்பாக.
அந்த நிறத்தைப் போன வாரம்
வேறொரு இடத்தில் பார்த்திருந்தேன்.
கண்ணை மூடிக் குடித்தேன்.
அப்புறம் டீ, பன்னிரண்டு ரூபாய்.
அப்புறம் சாவி.
திரும்பிக் கொடுக்கையில்
"இன்னொரு கிளாஸ் வெள்ளம் வேணோ?" என்றாள்.
குடித்தால் மறுபடி சாவி வேண்டும்.
சாவி வேண்டுமென்றால் மறுபடி டீ.
"கொடுங்க" என்றேன்.

லாரிகளை அனுப்பி முடிக்க ஒன்றரை மணி.
கிட்டுசாமி போனில் கத்தியதை
மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.
காலி மேடையில் ஏறி நின்று
கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்தேன்: 50.
பாட்டில் முழுவதையும் நின்றபடியே குடித்தேன்.
50.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த இரும்புக்கு எதுவும் தெரியாது.
ஒரு லிட்டர் போனாலும் வந்தாலும்
நான் அதே ஆள்தான்.

உள்ளே வந்து அச்சடித்தேன்.
பாரம் 50. காலி 50. நிகரம் 0.
வண்டி எண் கேட்டது மெஷின்.
என் பெயரைத் தட்டினேன், தெய்வானை என்று.
சம்பளத் தேதியன்று கிட்டுசாமி புரட்டும் நோட்டில்
முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாட்டிலை மறுபடி நிரப்பிவிட்டேன்.
மணி இரண்டு.